கேட்டா ‘ஒண்ணுமில்ல’ங்கான்

ஜூன் 9, காலை

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு அம்மா கேட்டது, அப்படியே போடுறேன்:

“மகனுக்கு எட்டு வயசு. ஸ்கூல் விட்டு வந்ததும் பையை விட்டெறியுதான், தங்கச்சியை அடிக்கான். என்னலே ஆச்சுன்னு கேட்டா ‘ஒண்ணுமில்ல’ங்கான். ஒரு பயிற்சியில முகம் முகமா வரைஞ்ச அட்டை குடுத்தாங்க. சிரிச்ச முகம், அழுத முகம், கோப முகம். ஹால்ல ஒட்டி வச்சிருக்கோம், இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு அவன் தொட்டுக் காட்டணும். தினமும் சிரிச்ச முகத்தைத் தொட்டுட்டு டிவி பாக்கப் போயிருதான். மனசுல உள்ளதைச் சொல்ல எப்படிப் பழக்குறது?”

பையன் கெட்டிக்காரன். சிரிச்ச முகத்தைத் தொட்டா விசாரணை அங்கேயே முடிஞ்சிரும். அழுத முகத்தைத் தொட்டா நீங்க கேப்பீங்க, ஆச்சி கேப்பா, சாயங்காலம் பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சேதி போகும். அட்டையை ஹால்ல இருந்து எடுங்க. மிச்சத்தை ராத்திரி எழுதுறேன்.

ஜூன் 9, ராத்திரி

‘நீங்க யாரு சொல்ல’ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் தொடக்கப் பள்ளிகள்ல டீச்சரா இருந்தவ. இப்போ ஓய்வு, பாளையங்கோட்டையில வீடு. சாயங்காலம் மாடியில பத்துப் பிள்ளைங்க படிக்க வரும். டாக்டரும் இல்ல, மனநல ஆலோசகரும் இல்ல. இங்கே வர்ற பிள்ளைகளோட ஊரையும் வயசையும் மாத்தித்தான் எழுதுறேன். சில இடத்துல பெண்ணை ஆணாவும் ஆக்கியிருக்கேன்.

எல்லாரும் ‘சொல்லப் பழக்கணும், சொல்லப் பழக்கணும்’ங்கறீங்க. என் அனுபவத்துல பிள்ளைங்களுக்குச் சொல்லத் தெரியும். ஒருவாட்டியாவது சொல்லியிருக்கும். சொன்னதுக்கு என்ன நடந்துச்சுங்கறதைப் பாத்துட்டுத்தான் வாயை மூடுது.

ரெண்டாவது படிச்ச ஒரு பையன். ஸ்கூல் கக்கூஸுக்குப் போகப் பயமா இருக்குன்னு அம்மாகிட்ட ராத்திரி படுக்கையில சொல்லியிருக்கான். அம்மா அதைச் சித்திகிட்ட போன்ல சொன்னா. சித்தி மாமாகிட்ட. அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டுல பந்தியில வச்சு மாமா, “என்ன மருமவனே, கக்கூஸ்ல பேய் குடியிருக்காமே!”ன்னாரு. இலையில சாப்பிட்டவங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, பிரியத்துலதான் சிரிச்சாங்க. பையன் பாயசத்தை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சான். அதுக்கப்புறம் அம்மா எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’. நடந்தது என்னன்னா, பெரிய கிளாஸ் பயலுக வெளித் தாழ்ப்பாளைப் போட்டுட்டு ஓடிருவானுக. இது எனக்குத் தெரிய வந்ததே அந்த வருஷக் கடைசியில, அதுவும் வேற ஒரு பிள்ளை சொல்லி.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான்: பிள்ளை உங்ககிட்ட சொன்னது உங்களோட நிக்கணும். ஆச்சிக்கும் போகக் கூடாது, குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் போகக் கூடாது. அட்டை, விளையாட்டு, கதை எல்லாம் அதுக்கு அப்புறம்.

ஜூன் 10

‘கேலி பண்ணாத சொந்தம் ஒரு சொந்தமா’ன்னு பேட்டைக்காரர் கேக்கறாரு. எல்லா வீட்டுலயும் அந்த மாமா ஒருத்தர் உண்டு. அவரு வராத கல்யாண வீடு சப்புன்னு இருக்கும். அவரைத் திருத்த நம்மளால ஆகாது. அவருக்குத் தீனி போடாம இருந்தா போதும்.

ஜூன் 12

தென்காசியில இருந்து: மூணு வயசு மகள், திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து வர்ற பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கிடைக்கலன்னு தரையில உருண்டாளாம். ‘அப்போ அவ உணர்ச்சியைப் பேசணுமா?’

அப்போ ஒண்ணும் பேசாதீங்க. அமெரிக்காவுல மைக்கேல் பொடேகல்னு ஒருத்தரும் அவரோட கூட்டாளியும் 2003-ல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. ஒன்றரை வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க உருண்டு புரண்டு அழுறதைப் பெத்தவங்ககிட்ட விவரமா எழுதி வாங்கி, எந்த நேரத்துல என்ன நடக்குதுன்னு பாத்தாங்க. உதைக்கிறது, எறியுறது, கத்துறது எல்லாம் ஆரம்பத்துலயே உச்சத்துக்குப் போய் சீக்கிரம் இறங்கிருது. சிணுங்கலும் அழுகையும் ஆறுதல் தேடுறதும் நெடுக ஓடுது. முக்கால்வாசி அழுகை அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருது.

நாம என்ன செய்யுறோம்? கோபம் உச்சத்துல இருக்கும்போது ‘ஏன் இப்படிப் பண்ணுத, சொல்லு, சொல்லு’ன்னு நிக்கிறோம். அது இறங்கி, பிள்ளை நம்ம சேலையைப் பிடிக்க வரும்போது ‘போ, எங்கிட்ட வராத’ங்கோம். நேரத்தைத் தலைகீழா மாத்தி வச்சிருக்கோம், அவ்வளவுதான்.

பஸ்ஸுல இன்னொரு தொல்லை உண்டு. பக்கத்து சீட்டு அண்ணாச்சி ‘கண்டக்டர் இறக்கி விட்டுருவாரு பாத்துக்கோ’ம்பாரு. பின் சீட்டு அக்கா கடலை மிட்டாயை நீட்டுவா. ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு, பிள்ளை எதுலயும் முட்டிக்காம பாத்துக்கிட்டு சும்மா இருங்க. அடிச்சா கையைப் பிடிக்கணும். அழுறதை நிறுத்த வேண்டாம்.

ஜூன் 13

9-ம் தேதி ராத்திரி எழுதினதோட இதையும் சேத்து வாசிங்க. ஒரு தங்கச்சி தனியா எழுதிக் கேட்டது: ‘சொன்னது உங்களோட நிக்கணும்னா, பிள்ளை தப்பான தொடுதலைப் பத்திச் சொன்னாலுமா?’

அது வேற. அதை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. 2012-ல வந்த போக்சோ சட்டப்படி, தெரிஞ்சவங்க போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். ‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்’னு பிள்ளைக்கு வாக்குக் குடுக்காதீங்க, நாளைக்கு மீற வேண்டியிருக்கும். நான் சொல்ற வாசகம் இது: “சிரிக்கறதுக்காக யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உனக்கு உதவி வேணும்னா மட்டும், உனக்குத் தெரிஞ்சே சொல்லுவேன்.” எட்டு வயசுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நல்லாவே புரியும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஸ்கூல் புத்தகத்துலயும் போட்டிருக்கும், புரட்டிப் பாருங்க.

ஜூன் 16

எப்படிக் கேக்கறதுன்னு நிறையப் பேர் கேக்கறீங்க. எதுத்தாப்ல உக்காந்து, முகத்தைப் பாத்து, ‘அம்மாகிட்ட சொல்லு கண்ணு’ன்னு கேட்டா போலீஸ் ஸ்டேஷன் மாதிரிதான் இருக்கும். பெரியவங்களே அப்படிக் கேட்டா சொல்ல மாட்டோம்.

முக்கூடல் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுத்துவாங்க. மத்தியானம் அம்மா திண்ணையில காலை நீட்டி, மடியில சுளகை வச்சுக்கிட்டு, இலையைப் பாத்தபடியே சுத்திக்கிட்டு இருப்பா. தலையே நிமிராது. சாயங்காலம் கடையில எண்ணிக் குடுக்கணும்னு ஓட்டம். பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து பக்கத்துல உக்காந்து நூலை எடுத்துக் குடுக்கும். அப்படியே பேச்சு வரும். “எம்மா, அந்தப் புள்ள இன்னைக்கு எங்கூட உக்காரல.” அம்மா “ம்”பா. கை சுத்திக்கிட்டே இருக்கும். “டீச்சர் அவளை மாத்தி உக்கார வச்சிட்டாவ.” “ம்.” “எனக்கு அழுகையா வந்துச்சு.” அப்பத்தான் அம்மா ஒருதடவை நிமிந்து பாப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டா. மறுபடி இலை.

வீட்டு ஆளுகளைக் கணக்கெடுக்கப் போகும்போது இதைத் திண்ணை திண்ணையா பாத்திருக்கேன். அந்தப் பிள்ளைங்க வகுப்புலயும் மத்த பிள்ளைங்களைவிட விவரமா பேசும். அந்த அம்மாக்கள் எந்தப் பயிற்சிக்கும் போனவங்க இல்ல. கண்ணு வேற இடத்துல, காது இங்கே. பிள்ளை பாதியில நிறுத்தினாலும் தூண்ட மாட்டாங்க, தூண்ட நேரமும் கிடையாது. அந்த அவசரமே பிள்ளைக்கு வசதியாப் போச்சு.

பாளையங்கோட்டையில பீடிச் சுளகு இல்ல. ஆனா பைக் இருக்கு. அப்பா முன்னால பாத்து ஓட்டுவாரு, பிள்ளை முதுகைப் பாத்துப் பேசும். வெள்ளைப்பூண்டு உரிக்கலாம், துணி மடிக்கலாம். கையில வேலை இருக்கணும், முகம் வேற பக்கம் இருக்கணும்.

ஜூன் 17

‘பீடியைப் பெருமைப்படுத்துறீங்க’ன்னு மூணு பேர். இல்ல. அந்தத் தூள் நெஞ்சுக்குக் கேடு, பிள்ளை பக்கத்துல உக்காரவே கூடாது. பூண்டு உரிங்கன்னுதான் நேத்து எழுதினதோட கடைசியில போட்டிருக்கேன். கடைசி வரைக்கும் வாசிங்கய்யா.

ஜூன் 20

பெங்களூருல வேலை பாக்குற நம்மூர்த் தம்பி ஒருத்தர், ‘உணர்ச்சிக்குப் பேர் சொன்னாலே மூளை அடங்கிரும், நிரூபிச்சிட்டாங்க’ன்னு எழுதியிருக்காரு. அவர் சொல்றது மாத்யூ லீபர்மன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 2007-ல செஞ்ச ஆய்வு. முகப் படங்களைக் காட்டி, அதுல தெரியுற உணர்ச்சிக்கு ஏத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது மூளையில பயம் மாதிரி உணர்ச்சிகளோட சம்பந்தப்பட்ட அமிக்டலாங்கற பகுதியோட வேகம் குறைஞ்சுது. அது உண்மை. ஆனா தம்பி, ஸ்கேன் மிஷினுக்குள்ள படுத்திருந்தவங்க வளந்தவங்க. பாத்தது யாரோ ஒருத்தர் முகத்தை. அதை அப்படியே நம்ம ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஏத்தாதீங்க.

பேர் சொல்றது நல்லதுதான், நானும் செய்வேன். தீர்ப்பா சொல்லக் கூடாது. ‘நீ பொறாமைப்படுத’ன்னா சண்டைதான் வரும். ‘கோவமா இருக்கா, இல்ல கூச்சமா இருந்துச்சா?’ன்னு ரெண்டை வச்சா, பிள்ளை ‘ரெண்டும் இல்ல’ன்னு மூணாவதைச் சொல்லும். அப்படி நம்மளை மறுத்துட்டுச் சொல்றதுதான் பெரும்பாலும் சரியா இருக்கும். ஒருத்தி ‘கோவமும் இல்ல கூச்சமும் இல்ல, வெப்ராளமா இருக்கு’ன்னா. மனசு உள்ளுக்குள்ளேயே குமையுறதை எங்க பக்கம் அப்படிச் சொல்லுவாங்க. ஏழு வயசு. ஆச்சிகிட்ட வளந்தவ.

ஜூன் 23

கல்லூரியில தமிழ் நடத்துறவர் ஒருத்தர் தொல்காப்பியத்தை இழுத்துட்டு வந்துட்டாரு. நல்லதாப் போச்சு. மெய்ப்பாட்டியல்ல எட்டு மெய்ப்பாடு, அதாவது மனசுல உள்ளது உடம்புல தெரியறது: நகை, அழுகை, இளிவரல் (கேவலமா உணர்றது), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோவம்), உவகை. ஒவ்வொண்ணும் எதனால வருதுன்னு நாலு நாலா அடுக்கியிருக்கு. பிளஸ் டூவுல மனப்பாடம் பண்ணதோட சரி, இப்போதான் பிள்ளைங்களை நினைச்சுக்கிட்டு வாசிச்சேன்.

அழுகைக்கு நாலு காரணம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. முதல்ல நிக்கறது இளிவு. யாரோ செத்து அழுறதுக்கும் முன்னாடி, தன்னைக் கேவலப்படுத்தினதுக்காக அழுறது. பந்தியில பாயசத்தை வச்சிட்டு எந்திரிச்ச பையன் ஞாபகம் வந்துச்சு. அச்சத்துக்கு நாலு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன், இந்த மூணும் எந்தப் பிள்ளைகிட்ட கேட்டாலும் வரும். நாலாவது நம்ம மேல அதிகாரம் உள்ளவங்க. வீட்டுல அப்பா, ஸ்கூல்ல நான்.

ஜூன் 24

அரசுப் பள்ளிகள்ல ‘மாணவர் மனசு’ன்னு ஒரு பெட்டி இருக்கே, அது என்னாச்சுன்னு கேட்டவருக்கு. யோசனை நல்ல யோசனை. நான் பாத்த ஒரு இடத்துல அதைத் தலைமையாசிரியர் ரூம் வாசல்ல மாட்டியிருந்தாங்க. போடுற பிள்ளையை ஊரே பாக்கும். பெட்டி சுத்தமா, காலியா இருந்துச்சு.

ஜூன் 28

பயத்தைப் பத்தி.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம்மூர்ல யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. இங்கே ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணாரப்பேட்டை எல்லாம் தாமிரபரணி ஆறு உள்ளே வந்துச்சு. அன்னைக்குச் சின்னதா இருந்த பிள்ளைங்க பல பேருக்கு வெயில்ல ஒண்ணும் இருக்காது. மேற்கே கறுத்தா முகம் மாறும். மாடிக்கு வர்ற ஒரு பெண்பிள்ளை, மேகம் கூடுச்சுன்னா கணக்கை நிறுத்திட்டு நோட்டு, பென்சில், செருப்பு எல்லாத்தையும் பையில அடுக்க ஆரம்பிச்சிரும். வீட்டுல ‘மழைக்குப் போயி பயப்படுதியே, கோட்டி’ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க.

அவளுக்குப் பயம் வர்றதுக்குக் காரணம் இருக்கு. அவ வீட்டுல கட்டில் மிதந்திருக்கு. ‘பயப்படாதே’ன்னா, ‘நீ பாத்ததைப் பாக்கலன்னு சொல்லு’ன்னு அர்த்தம். நான் கேட்டது வேற: மறுபடி தண்ணி வந்தா யாரு முதல்ல மாடிக்குப் போகணும்? ரேஷன் கார்டு எங்கே இருக்கு? பூனையை யாரு தூக்கறது? அவ நோட்டுல எழுதினா. பூனைக்கு மட்டும் ரெண்டு ஆளு போட்டிருந்தா. அதை அப்பாவுக்குக் காட்டலாமான்னு அவளைக் கேட்டுட்டுத்தான் காட்டினேன். அவரும் சிரிக்காம வாசிச்சு, ‘எமர்ஜென்சி லைட்டை விட்டுட்டியே’ன்னாரு. இப்பவும் மேகம் கறுத்தா பையை அடுக்கத்தான் செய்யுறா. ஆனா அடுக்கி முடிச்சிட்டு கணக்குக்குத் திரும்பிருதா.

அன்னைக்கு மாடியில குறுக்குத்துறை முருகன் பேச்சு வந்துச்சு. கோயில் ஆத்துக்குள்ள இருக்கறதால, வெள்ளம் வரும்னு தெரிஞ்சா உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. ஒரு பொடியன் கேட்டான், “அப்ப சாமிக்கும் பயமா டீச்சர்?” நான் யோசிக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்தவன், “இல்லடே, சாமிக்கு நீச்சல் தெரியாது.” எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சோம், அந்தப் பெண்ணும். இதுல யாரும் யாரையும் பாத்துச் சிரிக்கல. பேட்டை அண்ணாச்சி கவனிக்கவும்.

இன்னொண்ணு. பயந்த பிள்ளைக்குத் திருநீறு போடுறது, அந்தி நேரம் பள்ளிவாசல் வாசல்ல நின்னு ஓதி ஊதிக்கறது, மூடநம்பிக்கையான்னு இங்கே ஒரு சண்டை ஓடுது. என் நினைப்பு: பிள்ளைக்குக் காய்ச்சலோ வலிப்போ இருந்தா முதல்ல ஆஸ்பத்திரி, அதுல பேச்சே இல்ல. மத்தபடி அங்கே நடக்கறதைப் பாருங்க. ‘பிள்ளை பயந்திருக்கு’ன்னு வீட்டுல ஒருத்தர் ஒத்துக்கிட்டு, வேலையை விட்டுட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. அங்கே ஒரு பெரிய மனுஷர் ‘என்னத்தைப் பாத்துப் பயந்த?’ன்னு கேலி இல்லாம கேக்காரு. ஊதுறது பலிக்குதான்னு என்னைக் கேக்காதீங்க. கேக்கறது பலிக்குது. அதே வீட்டுலதான் ‘சாப்பிடலன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்’னும் சொல்றாங்க. பயத்தை நாமளே ஊட்டிட்டு நாமளே மந்திரிச்சா எப்படி.

ஜூலை 1

‘ஆம்பளப் பிள்ளை அழலாமா’ன்னு சொல்றது தப்புன்னு இங்கே பத்துப் பேர் எழுதிட்டாங்க. சரி. பொம்பளப் பிள்ளை கோவப்படலாமான்னு ஒருத்தர்கூட எழுதல. பையன் தட்டை எறிஞ்சா ‘அவங்க தாத்தா கோவம்’னு பெருமை. அவ எறிஞ்சா ‘போற இடத்துல என்ன பாடுபடப் போறாளோ’. என் வகுப்புல பெண்பிள்ளைங்க பல பேர் கோவத்தை வயித்து வலியா கொண்டு வந்திருக்கு. திங்கக்கிழமை வலி. எல்லா வயித்து வலியும் அப்படின்னு சொல்லல. டாக்டர் பாத்து ஒண்ணும் இல்லன்னா, வீட்டுல அவ யாருகிட்ட சத்தம் போட முடியும்னு யோசிங்க.

ஜூலை 3

முதல்ல கேட்ட அம்பாசமுத்திரம் அம்மா எழுதியிருக்காங்க. சுருக்கமா: அட்டையைக் கழட்டிட்டாங்க. ஒரு வாரம் ஒண்ணும் கேக்கல. ஒருநாள் அப்பாகூட கல்லிடைக்குறிச்சிக்கு பைக்குல போகும்போது பாலம் தாண்டி அவனா சொன்னானாம். சேக்காளி இந்த வருஷம் வேற ஸ்கூலுக்குப் போயிட்டான். மத்தியானம் சாப்பாட்டை யாரோட உக்காந்து சாப்பிடறதுன்னு தெரியல. தங்கச்சி மட்டும் சாயங்காலம் வாசல்ல மூணு பிள்ளைங்களோட விளையாடிக்கிட்டு இருக்கா.

அடி எங்கே இருந்து வந்துச்சுன்னு இப்போ தெரியுது. அடிக்கறது சரின்னு ஆகாது, அதை நிறுத்தத்தான் வேணும். ‘தங்கச்சியை அடிக்கக் கூடாது’ன்னு ஒரு வாக்கியம். ‘தனியா சாப்பிடறது கஷ்டம்தான்’னு இன்னொரு வாக்கியம். ரெண்டையும் ‘ஆனா’ போட்டு ஒட்டாதீங்க. இடையில கொஞ்ச நேரம் விடுங்க.

இங்கே எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டிருக்காங்க. “பேரு போடாதீய”ன்னானாம்.

ஜூலை 4

எப்போ டாக்டர்கிட்ட போகணும்? நின்னு போன படுக்கையில ஒண்ணுக்குப் போறது திரும்ப வந்தா, தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்குல கெட்டா, பேச்சே குறைஞ்சா, தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டா, ‘நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்’னு சொன்னா. கடைசி ரெண்டுக்கும் ஒருநாள்கூடக் காத்திருக்காதீங்க. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. போன்ல பேசணும்னா டெலிமானஸ், 14416. 2022 அக்டோபர்ல இருந்து நடக்குது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ‘வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணு குடுக்க மாட்டான்’னு ஒருத்தர் எழுதியிருக்காரு. பிள்ளைக்கு ஒன்பது வயசு, அண்ணாச்சி.

ஜூலை 6

தேர் வருது. ‘நாலு வயசு மகன் போன வருஷம் ரத வீதியில அலறிட்டான், இந்த வருஷம் கூட்டிட்டுப் போகவா’ன்னு திருநெல்வேலி டவுன்ல இருந்து ஒருத்தர்.

போங்க. முதல்நாள் சாயங்காலமே கூட்டிட்டுப் போய், நிக்கிற தேரைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. அஞ்சு தேரு, நெல்லையப்பர் தேர் எவ்வளவு பெரிசு, வடம் எவ்வளவு தடி, எல்லாம் அமைதியா பாக்கட்டும். மறுநாள் கொட்டுச் சத்தம் இருக்கும், ஆளுக கத்துவாங்கன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. முன்வரிசைக்கு முட்டாதீங்க, பக்கத்துச் சந்து முனையில நில்லுங்க. ஒரு அடையாளம் பேசி வச்சுக்கோங்க: தோள்ல இருக்கும்போது அப்பா காதை ரெண்டு தடவை இழுத்தா வீட்டுக்குப் போகணும்னு அர்த்தம்.

இழுத்தா போயிரணும். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’, ‘அம்மன் தேர் மட்டும்’ எல்லாம் கிடையாது. தேர் நிலைக்கு வர நேரம் ஆகும். வீட்டுல ஒரு தூக்கம் போட்டுட்டு மறுபடி வரலாம்.